மிஸ்ரிலிருந்து வந்த எழுவர்

1883 ஜனவரியில் 'மரியோட்டிஸ்' என்னும் நீராவிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் ஏழு எகிப்தியரை இறக்கிவிட்டது. அஹ்மத் ஒராபி பாஷாவும் அவர் தோழர் அறுவரும் ஆயுள் முழுவதற்கும் நாடு கடத்தப்பட்டவர்கள். தோற்றவர்களைத் தலைகுனிய வைக்கவே இங்கே அனுப்பினார்கள். ஆனால் கரையில் காத்திருந்த முஸ்லிம்கள் அவர்களைப் பெருந்திரளாக வரவேற்றார்கள்.

இவர்கள் செய்த குற்றம் என்ன? அதற்குப் பருத்தியிலிருந்து தொடங்க வேண்டும். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து அடைபட்டது. நைல் நதிக்கரைப் பருத்தியின் விலை சில ஆண்டுகளில் பல மடங்காயிற்று. அந்த வருமானத்தை நம்பி எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் ரயில் பாதை, கால்வாய், மாளிகை என்று ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்கிக்கொண்டே போனார். 1865இல் அமெரிக்கப் போர் முடிந்தது, பஞ்சு விலை சரிந்தது, கடன் மட்டும் நின்றது. போடியாரிடம் விதைநெல்லுக்குக் கடன்பட்டு, வெள்ளாமை பிழைத்துப்போன பிறகு களத்து நெல்லை அளந்து கொடுத்த குடும்பங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே கடன் வாங்கியவர் அரசர், அளந்து கொடுத்தவர் உழவர்.

1869இல் திறந்த சுயெஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகளை 1875இல் பிரித்தானியா சுமார் 40 இலட்சம் பவுணுக்கு வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே எகிப்து கடன் கட்ட முடியாமல் முறிந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அந்நாட்டின் கணக்குப் புத்தகத்தின் முன் வந்து அமர்ந்தார்கள். பீரங்கி வருவதற்கு முன்பே கணக்கப்பிள்ளை வந்துவிட்டான் என்பதே என் எண்ணம். நம் தீவிலோ 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் போதுமாயிருந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குரிய நிலமாகிவிட்டன.

ஒராபி ஒரு கிராமத் தலைவரின் மகன். உழவர் குடியில் பிறந்த படையதிகாரி மேலே ஏற முடியாத இராணுவத்தில் கேணலாக உயர்ந்தவர். 'எகிப்து எகிப்தியருக்கே' என்ற குரல் அவரைச் சுற்றியே எழுந்தது. 1882 ஜூலை 11இல் பிரித்தானியக் கப்பற்படை அலெக்சாந்திரியா நகரின் மீது குண்டு பொழிந்தது. செப்டம்பர் 13 விடியற்காலையில் தெல்-அல்-கபீர் களத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. வென்ற படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆசியரைக் கொண்டு ஆபிரிக்கரை வெல்வது, தோற்றவரை ஆசியத் தீவொன்றில் அடைப்பது! கண்டியின் கடைசி அரசனை வேலூருக்கும், கவிஞராயிருந்த டில்லிப் பேரரசர் பகதூர் ஷாவை ரங்கூனுக்கும் அனுப்பியவர்கள்தாமே அவர்கள்.

எழுவரில் இலக்கிய நேயர்கள் அறிந்திருக்க வேண்டியவர் மஹ்மூத் சாமி அல்-பாரூதி. 1882இல் சில மாதங்கள் எகிப்தின் பிரதமராயிருந்தவர். அதைவிட, நவீன அறபுக் கவிதையின் முன்னோடி என்று அறபு உலகம் போற்றுபவர். 17 ஆண்டுகளை இங்கே கழித்தார். மனைவி ஊரில் இறந்த செய்தி இங்கே வந்து சேர்ந்தது. கண்பார்வை மங்கியது. அவருடைய பிரிவுத் துயர்க் கவிதைகளில் நம் நாடு 'சரந்தீப்' என்ற பெயரோடு நிற்கிறது. நமக்கு அழகிய கண்டி, அவருக்குச் சிறை. அக்கவிதைகளை முழுமையாகத் தமிழாக்கி நம் வாசகர் கையில் தருவது நம் அறபுத் தமிழ் அறிஞர்களின் கடமையல்லவா?

ஒராபி வந்தபோது அறிஞர் சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. 1885இல் அவர் எழுதிய 'அசன்பேயுடைய கதை'யின் நாயகன் எகிப்தில் பிறந்தவன் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் படித்துப் பாருங்கள். 1892இல் மருதானையில் சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் முதலியோர் ஸாஹிறாவைத் தொடங்கியபோது ஒராபி உடனிருந்து ஊக்கம் தந்தார்.

ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. நம்மவர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது கல்வியை, 'எகிப்து எகிப்தியருக்கே' என்ற குரலையல்ல. மகாராணிக்கு விசுவாசமாயிருந்துகொண்டே கலகக்காரரைக் கொண்டாடினார்கள். ஒராபியும் இங்கே ஆட்சியாளரோடு இணக்கமாகவே வாழ்ந்தார், மன்னிப்பும் கேட்டார். அது கோழைத்தனமா, விவேகமா? பள்ளிக்கூடமே இல்லாதிருந்த ஒரு சமூகத்தை இன்றைய வசதியில் இருந்துகொண்டு குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1901இல் ஒராபி எகிப்து திரும்பினார். ஆங்கிலேயர் அங்கே இருக்கும்போதே 1911இல் கண்மூடினார். அப்துல் ஆல், மஹ்மூத் ஃபஹ்மி, யாகூப் சாமி மூவரும் ஊர் திரும்பாமலே இத்தீவில் மரணித்தார்கள்.

1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டு அரிசி வரத்து நின்றபோது, நெல் விளைச்சலைப் பெருக்கக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார் ஏ. எம். ஏ. அஸீஸ். வயலோடு நில்லாமல் இங்குள்ள பிள்ளைகளின் படிப்பிலும் கைவைத்தார். பிற்பாடு மருதானை ஸாஹிறாவின் அதிபரானார். அந்தப் பெயரைத் தாங்கிய கல்லூரி நம் கல்முனையிலும் எழுந்தது. 1967இல் அஸீஸ் எழுதி வெளியிட்ட நூலொன்றின் பெயர் 'மிஸ்ரின் வசியம்'.