10 மில்லிமீட்டரில் ஊசலாடிய வெற்றி: சிப்பாங்கின் முதல் எப்1 பந்தயம்

சிப்பாங் பந்தயக் களத்தில் 1999 முதல் 2017 வரை மொத்தம் 19 பார்முலா 1 பந்தயங்கள் நடந்தன. அவற்றில் முதலாவது 1999 அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை நடைபெற்றது. அன்று பரிசு மேடை ஏறிய வெற்றியாளர் அன்று மாலையே வெற்றியை இழந்தார். ஆறு நாள் கழித்து பாரிஸ் நகரில் அதைத் திரும்பப் பெற்றார். இடைப்பட்ட அந்த ஆறு நாளும் உலக விருது யார் கையில் என்பதே தொங்கலில் கிடந்தது.

'மலேசிய கிராண்ட் பிரிக்ஸ்' என்ற பெயர் அதற்கும் பழையது. 1962இல் சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் அந்தப் பெயரில் பந்தயம் நடந்திருக்கிறது. சிங்கப்பூர் பிரிந்த பிறகு அது 1968இல் ஷா ஆலாம் அருகே பத்து தீகாவுக்கு வந்தது. மூத்த வாசகர்கள் சிலருக்கு பத்து தீகாவின் இரைச்சல் நினைவிருக்கலாம். ஆனால் அவை எதுவும் பார்முலா 1 உலகப் போட்டியில் சேர்ந்தவை அல்ல. அந்தக் கனவுடன் கட்டப்பட்டதுதான் சிப்பாங்.

அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் 1999 மார்ச்சில் இந்தக் களத்தைத் திறந்து வைத்தார். ஜெர்மானியர் ஹெர்மன் தில்கே வடிவமைத்தார். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள் அருகருகே ஓடுகின்றன. நடுவில் இருக்கும் பார்வையாளர் மேடை இரு பக்கமும் பார்க்கிறது. சுற்றிலும் செம்பனை. பக்கத்திலேயே, அதற்கு முந்தைய ஆண்டு திறக்கப்பட்ட விமான நிலையம். ஐரோப்பாவின் பழைய களங்களோடு ஒப்பிட்டால் அன்று இதற்கு ஈடாக இருந்தவை மிகக் குறைவு. அணிகள் அதை வெளிப்படையாகவே பாராட்டின.

அவர்களை வாட்டியது வெயிலும் புழுக்கமும்தான். தீப்பிடிக்காத உடைக்குள், கொதிக்கும் இயந்திரத்துக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் ஓர் ஓட்டுநரின் உடலிலிருந்து இரண்டு மூன்று கிலோ வியர்வையாகவே போய்விடும்.

*விருதுக் கணக்கு*

அந்த ஆண்டு மொத்தம் 16 பந்தயங்கள். சிப்பாங் 15ஆவது. அதற்கு முன் நிலவரம் இதுதான்: மெக்லாரன் அணியின் பின்லாந்துக்காரர் மிக்கா ஹக்கினென் 62 புள்ளி, பெராரியின் வட அயர்லாந்துக்காரர் எடி அயர்வின் 60. முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்தடுத்த இடங்களுக்கு 6, 4, 3, 2, 1 என்ற பழைய கணக்கு அது.

உண்மையில் பெராரியின் விருது நம்பிக்கை அயர்வின் அல்ல, மைக்கேல் ஷூமேக்கர். ஜூலை 11ஆம் தேதி சில்வர்ஸ்டோனில் தடுப்பில் மோதி அவரது வலது கால் முறிந்தது. ஆறு பந்தயங்களைத் தவறவிட்டார். அவருக்குப் பதில் வந்த மிக்கா சாலோ, ஜெர்மனியில் தாம் முன்னணியில் இருந்தபோதும் அயர்வினுக்கு வழிவிட்டு வெற்றியைக் கொடுத்தார். சாலோ எப்1இல் கடைசிவரை ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியவில்லை.

பெராரி ஓட்டுநர் ஒருவர் உலக விருதை வென்று அப்போது 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1979இல் ஜோடி ஷெக்டர் வென்றதே கடைசி. இந்நிலையில்தான் ஷூமேக்கர் சிப்பாங்கில் திரும்பி வந்தார். விருது வாய்ப்பு அவருக்கு இல்லை. அயர்வினுக்கு உதவுவதே வேலை. அந்த அயர்வினோ ஆண்டு முடிவில் பெராரியை விட்டு ஜாகுவார் அணிக்குப் போகப்போவது ஊரறிந்த செய்தி. போகப்போகிறவருக்காக ஷூமேக்கர் மனமார ஓட்டுவாரா என்று பலரும் கேட்டனர்.

தகுதிச் சுற்றில் அதற்குப் பதில் கிடைத்தது. மூன்று மாதம் பந்தயம் ஓட்டாதவர், 1 நிமிடம் 39.688 வினாடியில் சுற்றி முதலிடம் பிடித்தார். இரண்டாமிடம் அயர்வின், ஏறக்குறைய ஒரு வினாடி பின்னால். எப்1இல் ஒரு வினாடி என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மெக்லாரனின் கூல்தார்ட் மூன்றாவது, ஹக்கினென் நான்காவது.

*56 சுற்றுகள்*

தொடங்கியதும் ஷூமேக்கர் முன்னால் போனார். நான்காவது சுற்றில் வேகத்தைக் குறைத்து அயர்வினை முன்னே விட்டார். அந்தக் குழப்பத்தில் கூல்தார்ட் துணிந்து நுழைந்து ஷூமேக்கரை முந்தி, அயர்வினைத் துரத்தத் தொடங்கினார். பெராரியின் திட்டம் அங்கேயே கெட்டிருக்கும். ஆனால் 14ஆவது சுற்றோடு கூல்தார்டின் கார் எரிபொருள் கோளாறால் நின்றுவிட்டது.

அதன்பிறகு நடந்ததுதான் இன்றுவரை பேசப்படுகிறது. ஷூமேக்கர் ஹக்கினெனுக்கு முன்னால் ஒரு நடமாடும் தடுப்பு போல ஓட்டினார். வளைவுகளில் வேண்டுமென்றே மெதுவாகப் போவார். முந்த இடமுள்ள நேர்ப்பாதையில் பறந்துவிடுவார். எந்த இடத்தில் குறைப்பார் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஹக்கினெனால் துணிந்து நுழையவும் முடியவில்லை. மோதினால் இழப்பு ஷூமேக்கருக்கு இல்லை, விருதுக்குப் போட்டியிடும் தமக்குத்தான் என்பது அவருக்குத் தெரியும். இந்த இடைவெளியில் அயர்வின் விலகி விலகிப் போனார்.

பார்க்க அழகான பந்தயம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் விதிக்கு உட்பட்டது. சக ஓட்டுநருக்கு வழிவிடச் சொல்லும் 'அணிக் கட்டளை' அப்போது தடை செய்யப்படவில்லை. 2002இல் ஆஸ்திரியாவில் இதே பெராரி செய்த ஒரு காரியத்தால்தான் தடை வந்தது. 2011இல் அந்தத் தடையும் எடுக்கப்பட்டது.

அயர்வின் இரண்டாவது முறை எரிபொருளுக்கும் டயருக்கும் நின்றபோது ஷூமேக்கர் மீண்டும் முன்னணிக்கு வந்தார். ஹக்கினெனும் கடைசிக் கட்டத்தில் இன்னொரு முறை நிற்க வேண்டியதாயிற்று. அதனால் ஸ்டூவர்ட் அணியின் ஜானி ஹெர்பர்ட்டுக்குப் பின்னால் விழுந்து, அவரைத் திரும்பவும் முந்த வேண்டியிருந்தது. முடிய நான்கு சுற்று இருக்கையில் ஷூமேக்கர் இரண்டாவது முறையாக ஒதுங்கினார். அயர்வின் முதலிடம், ஒரு வினாடி பின்னால் ஷூமேக்கர், மூன்றாவது ஹக்கினென். ஹெர்பர்ட் நான்காவது, அதே அணியின் பாரிக்கெல்லோ ஐந்தாவது, ஜோர்டான் அணியின் பிரென்ட்சன் ஆறாவது.

மேடையில் ஹக்கினென் நிற்க முடியாத அளவுக்குக் களைத்திருந்தார். தம் வாழ்நாளின் மிகக் கடினமான பந்தயம் என்றார். ஷூமேக்கர் சிறந்த முதல் ஓட்டுநர் மட்டுமல்ல, சிறந்த இரண்டாம் ஓட்டுநரும்கூட என்று அயர்வின் மனம்விட்டுப் பாராட்டினார்.

*ஒரு தகடு*

பந்தயம் முடிந்ததும் கார்களை அளந்து சோதிப்பது வழக்கம். அனைத்துலக மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் (எப்ஐஏ) தொழில்நுட்ப அதிகாரி ஜோ பாவர், இரண்டு பெராரி கார்களிலும் ஒரு குறையைக் கண்டார். முன்சக்கரத்துக்குப் பின்னால், காரின் பக்கவாட்டில் நிற்கும் வளைந்த தகடு அது. 'பார்ஜ் போர்ட்' என்பார்கள். முன்சக்கரம் கலைத்துவிடும் காற்றைச் சீராக்கிப் பின்னால் அனுப்புவது அதன் வேலை.

விதி என்ன சொல்கிறது? காருக்கு நேர் கீழே இருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் பாகங்கள் எல்லாம் காரின் தட்டையான அடித்தள மட்டத்தில் இருக்க வேண்டும். தகட்டின் மேல்பகுதி வெளியே வளைந்திருந்தால், அதைக் கீழிருந்து மறைக்கும் அளவுக்கு அடியில் ஒரு பட்டை இருக்க வேண்டும். அந்தப் பட்டை 10 மில்லிமீட்டர் குறைவாக இருப்பதாக அளவு காட்டியது. நம் சுண்டு விரலின் அகலம்தான்.

இரு பெராரிகளும் நீக்கப்பட்டன. ஹக்கினென் வெற்றியாளர், ஹெர்பர்ட் இரண்டாவது, பாரிக்கெல்லோ மூன்றாவது என்று முடிவு மாறியது. கணக்குப்படி ஹக்கினென் 72, அயர்வின் 60. மீதமிருந்தது ஒரே பந்தயம், கிடைக்கக்கூடியது 10 புள்ளி. ஆக, ஹக்கினென் உலக வெற்றியாளர். அணிகளுக்கான விருதும் மெக்லாரனுக்கே.

பெராரி மேல்முறையீடு செய்தது. அக்டோபர் 22ஆம் தேதி பாரிஸில் விசாரணை, மறுநாள் தீர்ப்பு. இத்தகைய பாகங்களுக்கு விதியிலேயே 5 மில்லிமீட்டர் கூடுதல் குறைவு அனுமதி உண்டு. தகட்டைக் காரில் சரியான கோணத்தில் பொருத்தி அளந்தால் வித்தியாசம் அந்த 5 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும் என்று பெராரி காட்டியது. சிப்பாங்கில் அளந்த முறை போதிய துல்லியம் இல்லாதது என்று நீதிமன்றம் ஏற்று, பழைய முடிவையே நிலைநாட்டியது. அயர்வின் 70, ஹக்கினென் 66.

மெக்லாரன் தலைவர் ரான் டென்னிஸ் தமது கசப்பை மறைக்கவில்லை. கடைசிப் பந்தயம் சப்பென்று முடியக்கூடாது என்பதற்காகவே இந்தத் தீர்ப்பு என்ற பேச்சு அன்றே எழுந்தது. அந்தச் சந்தேகம் இயல்பானது. பந்தயம் முடிந்த மாலையில் பெராரியின் ராஸ் பிரானே தகட்டைச் செய்தியாளர்களிடம் காட்டி 10 மில்லிமீட்டர் குறை இருப்பதாக விளக்கினார். ஆறு நாளில் அதே தகடு சரியாகிவிட்டால் யாருக்குத்தான் கேள்வி எழாது? ஆனாலும் 5 மில்லிமீட்டர் அனுமதி தீர்ப்புக்காக முளைத்த விதி அல்ல. அது முன்பே ஏட்டில் இருந்தது.

அக்டோபர் 31ஆம் தேதி ஜப்பானின் சுசுகாவில் ஹக்கினென் தொடக்கத்திலேயே ஷூமேக்கரை முந்தி வென்றார். அயர்வினுக்கு மூன்றாமிடம். இறுதிக் கணக்கு 76-74. அணி விருது 128-124 என்று பெராரிக்குப் போனது, 1983க்குப் பிறகு முதன்முறையாக. சிப்பாங்கில் கிடைத்த 16 புள்ளி பறிபோயிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

ஷூமேக்கர் அடுத்த ஆண்டு பெராரியின் 21 ஆண்டு ஏக்கத்தைத் தீர்த்தார். அதே 2000இல் சிப்பாங்கிலும் வென்றார். 2005இல் இதே களத்தில் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் 11ஆவதாக வந்தார். எப்1இல் ஓடிய முதல் இந்தியர் அவர். ஹக்கினென் 2001 வரை மொத்தம் மூன்று முறை சிப்பாங்கில் ஓடினார். அடுத்த இரு முறையும் அவருக்குக் கிடைத்தவை நான்காவது, ஆறாவது இடங்கள். ஆறு நாள் மட்டும் தம் பெயரில் இருந்த மலேசிய வெற்றி அவருக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.