கை ஒப்புக்கொள்ளணும்: மவுஸிலிருந்து தமிழ்99 வரை

போன மாசம் ஒரு புது மவுஸ் வாங்கினேன். சாதாரண மவுஸ் மாதிரி மேஜையில் படுத்துக் கிடக்காது, சரிவாக நிமிர்ந்து நிற்கும். ஒருத்தரோடு கைகுலுக்குகிற மாதிரி பக்கவாட்டில் பிடிக்கணும். இருபது வருஷமா கோடு எழுதி எழுதி வலது மணிக்கட்டு போய்விட்டது, டாக்டர் சொல்லித்தான் வாங்கினது. முதல் நாள் ஒரு ஃபைலை இழுத்து ஃபோல்டருக்குள் போட மூணு தடவை தவறவிட்டேன். ரெண்டாம் நாள் பக்கத்து சீட் பையன் சிரிச்சான். மூணாம் நாள் புதுசை டிராயருக்குள் போட்டுவிட்டு பழைய மவுஸையே எடுத்துக்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி எங்க அக்கா ஞாபகம் வந்தது. 2009-ல் எப்போதும்வென்றானில் அவங்க கடையில் உட்கார்ந்து நான் செய்த ஒரு காரியமும் சேர்ந்து ஞாபகம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் பார்த்துவிடலாம்.

ஒரே மேஜை, ரெண்டு கருவி

மவுஸைக் கண்டுபிடித்தவர் டக்ளஸ் ஏங்கல்பார்ட். 1964-ல் அவரோடு வேலை பார்த்த பில் இங்கிலிஷ் முதல் மவுஸை மரத்தில் செய்தார். அதை உலகத்துக்குக் காட்டியது 1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோவில். அந்தச் செயல்விளக்கத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஏங்கல்பார்ட்டின் வலது கையைப் பற்றித்தான் பேசுவார்கள். இடது கையில் இன்னொரு கருவி இருந்தது. பியானோ கட்டை மாதிரி ஐந்தே விசை. ரெண்டு மூணு விசையைச் சேர்த்து அமுக்கினால் ஒரு எழுத்து விழும். பழகினவருக்கு இடது கையால் எழுத்து, வலது கையால் மவுஸ். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் நடுவில் கை அலைய வேண்டியதே இல்லை.

வலது கைக் கருவி உலகம் பூரா போய்ச் சேர்ந்தது. இடது கைக் கருவியை இன்னைக்கு மியூசியத்தில்தான் பார்க்கலாம். மவுஸ் பழகக் கொஞ்ச நேரம் போதும். ஐந்து விசைக்கு எந்தக் கூட்டு என்ன எழுத்து என்று மனப்பாடம் ஆகணும்.

இன்னொரு விஷயம் இதைவிட சுவாரசியம். 1967-ல் ஏங்கல்பார்ட் குழு மவுஸ், ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் இயக்குகிற ஒரு கருவி எல்லாவற்றையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. பழகின ஆட்களுக்கு மவுஸ்தான் நல்லா வந்தது. பழகாத ஆட்களுக்கோ ஒளிப்பேனாவும் முழங்கால் கருவியும் மவுஸைவிட வேகமாக இருந்தன! அதாவது அதே கருவிக்கு யாரை உட்கார வைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து ரெண்டு தீர்ப்பு. இந்த இடத்தை மனசில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருவோம். இதே வழக்கு தமிழ் விசைப்பலகையிலும் நடந்திருக்கு.

முத்தையா போட்ட வரிசை

தமிழ்த் தட்டச்சுக்கு முன்னோடி என்று சொல்லப்படுகிறவர் ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயா, சிங்கப்பூர் பக்கம் பிழைக்கப் போனவர். ஆங்கிலத் தட்டச்சு பழகினவருக்கு, தமிழுக்கு ஏன் ஒண்ணு இல்லை என்ற கேள்வி. நம்மிடம் 247 எழுத்து. மெஷினில் நாற்பத்திச் சொச்சம் விசை, ஒவ்வொன்றிலும் ரெண்டு எழுத்துக்குத்தான் இடம்.

அவர் எழுத்துக்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். கொம்பு தனி, கால் தனி, விசிறி தனி, புள்ளி தனி. அடுத்த சிக்கல், எழுத்தின் தலைமேல் விழ வேண்டிய குறிகள். மெஷினில் ஒரு விசையைத் தட்டினால் வண்டி ஒரு இடம் நகர்ந்துவிடும். அதனால் தட்டினாலும் வண்டி நகராத 'நகரா விசை'யை அந்தக் குறிகளுக்கு வைத்தார். முதலில் விசிறியைத் தட்டு, வண்டி நிற்கும். பிறகு வ தட்டு, 'வி' ஆகிவிடும். ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் கம்பெனி அவருடைய இயந்திரங்களைச் செய்து கொடுத்தது. பிற்பாடு ரெமிங்டன், கோத்ரெஜ் என்று தமிழ் மெஷின்கள் வந்து, ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் முளைத்தது.

எங்க அக்கா 1991-ல் அப்படி ஒரு இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தாங்க. ஊரிலிருந்து எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்கு பஸ். காலையில் ஒரு மணி நேரம் டைப்பிங், திரும்பி வந்து தீப்பெட்டி ஒட்டுற வேலை. முதல் பாடம் இடது கை நாலு விரலுக்கு 'யளனக'. பஸ்ஸில் வரும்போதுகூட மடியில் இருக்கிற பையின் மேல் விரல் தட்டிக்கிட்டே வருமாம். தமிழ் லோயர், ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணாங்க. அரசாங்க வேலை வரலை. ஆனால் கம்ப்யூட்டர் வந்தபோது அந்த விரல்கள்தான் சோறு போட்டுது. 2003 வாக்கில் ஊரிலேயே ஒரு சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, தாலுகா ஆபீஸுக்கு மனு. கம்ப்யூட்டரில் இருந்தது பழைய டைப்ரைட்டர் வரிசைதான் என்பதால் புதுசாக எதையும் படிக்க வேண்டியிருக்கலை.

1999: புது வரிசை

தொண்ணூறுகளில் தமிழ்க் கணினி உலகம் ஒரு சந்தைக்கடை. ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்திருந்தார். ஒரு மெஷினில் அடித்தது இன்னொரு மெஷினில் கொத்துப் பரோட்டாவாக வரும். பாமினி பயன்படுத்தினவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'தமிழ்' என்ற வார்த்தை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும்.

1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு நடந்தது. அதிலிருந்து தரப்படுத்தப்பட்ட குறியீடுகளும், தமிழ்99 என்ற விசைப்பலகையும் பிறந்தன. தமிழக அரசு அதே வருஷம் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

ஒரு இஞ்சினியராகச் சொல்கிறேன், தமிழ்99 அழகான வடிவமைப்பு. உயிர் 12, மெய் 18, புள்ளி 1, ஆக 31 விசை. ஷிஃப்ட் தொடாமல் தமிழ் எழுத்து கிட்டத்தட்ட எல்லாம் அடித்துவிடலாம். ஆய்தத்துக்கும் ஜ, ஷ, ஸ மாதிரி எழுத்துக்கும்தான் ஷிஃப்ட். உயிர் எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. அதனால் ரெண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். அடிக்கடி வருகிற க, ப, ம, த எல்லாம் விரல் ஓய்வெடுக்கிற நடு வரிசையில். கூடவே தானாகப் புள்ளி வைக்கும் வசதி. க ரெண்டு தடவை தட்டினால் 'க்க'. ந, த தட்டினால் 'ந்த'. ன, ற தட்டினால் 'ன்ற'.

எங்க ஊர்ப் பெயரையே அடித்துப் பார்ப்போம். 'எப்போதும்வென்றான்': தமிழ்99-ல் 15 தட்டு, ஷிஃப்ட் இல்லை. ஆங்கில எழுத்தை வைத்து ஒலிபெயர்ப்பாக அடிக்கிற அஞ்சல் முறையில் 15 தட்டு, கூடவே ரெண்டு இடத்தில் ஷிஃப்ட். பழைய டைப்ரைட்டர் முறைக்கு நடுவில் இருக்கிற 'ப்போ' ஒன்றே போதும்: புள்ளி, ப, இரட்டைக் கொம்பு, ப, கால் என ஐந்து தட்டு. தமிழ்99-ல் ப, ப, ஓ. மூணு தட்டு.

2005-க்குப் பிறகு இணையத்தில் தமிழ் எழுத வந்தவர்களில் ஒரு கூட்டம் இதுக்குப் பிரசாரமே செய்தது. நானும் அதில் ஒருத்தன். எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்று இலவச மென்பொருட்கள் இருந்தன. ரெண்டு வாரத்தில் பழகினேன். பழகினவனுக்கு வருகிற மமதையும் கூடவே வந்தது.

நான் செய்த காரியம்

2009 பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது அக்கா கம்ப்யூட்டரில் யூனிகோடு போட்டுக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய டைப்ரைட்டர் வரிசையை எடுத்துவிட்டு தமிழ்99 மட்டும் வைத்தேன். ரெண்டும் இருந்தால் பழகமாட்டாங்க என்பது என் கணக்கு. விசைகளின் மேல் ஸ்டிக்கரும் ஒட்டினேன்.

தை மாசம் பிறந்ததும் கல்யாணப் பத்திரிகை சீசன். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் எடுக்கிறவங்களுக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. முப்பது வருஷம் சைக்கிள் ஓட்டினவரிடம் ஹேண்டிலைத் திருப்பி மாட்டிக் கொடுத்த மாதிரி. ரெண்டு பேர் பொறுமையிழந்து எட்டயபுரத்துக்கே பஸ் ஏறிட்டாங்க. நான் "பத்து நாள் பொறு, அக்கா" என்றேன். அவங்க சொன்னது இன்னும் காதில் இருக்கு:

"தம்பி, இது நல்லாத்தான் இருக்கும். ஆனா பத்து நாள் என் கடையை நீ நடத்துவியா? வெளிய ஆளு நிக்காக."

எனக்குப் பதில் இல்லை. அன்னைக்கே பழைய வரிசையைத் திரும்பப் போட்டேன். ஸ்டிக்கரை அக்கா மகள் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

வேகத்தை விடுங்க, இன்னொண்ணும் எனக்கு அப்போ புரியலை. நாம் பேனாவால் 'போ' எழுதும்போது கொம்பைத்தான் முதலில் போடுகிறோம், அப்புறம் ப, அப்புறம் கால். டைப்ரைட்டர் வரிசை அதே வரிசை. தமிழ்99 இலக்கணக் கணக்கு, மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய். அக்கா விரல்கள் எழுத்தின் உருவத்தை அடித்துக்கொண்டிருந்தன. நான் எழுத்தின் ஓசையை அடிக்கச் சொன்னேன். பதினெட்டு வருஷப் பழக்கத்தை அடியோடு மாற்றச் சொல்லிவிட்டு, 'ரெண்டு விசை இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்' என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போ தமிழ்99 யாருக்கு?

நியாயமாக, புதுக் கைக்கு. எதையுமே பழகாத விரலுக்கு அதைவிட நல்லது இல்லை என்று இப்பவும் நம்புகிறேன். ஆனால் 1999-க்குப் பிறகு தமிழ் தட்டச்சு பழக வந்த புதுக் கை எங்கே போச்சு என்று பாருங்க.

அரசு வேலைக்கு ஆசைப்பட்ட பிள்ளைகள் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார்கள். அங்கே தேர்வு இரும்பு மெஷினில், பழைய வரிசையில். தட்டச்சர் வேலைக்குக் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். ஒரு கையால் புதுத் தரம் என்று அறிவித்த அரசு, இன்னொரு கையால் பழையதுக்கே பரீட்சை வைத்தது. விண்டோஸோடு ரொம்ப காலம் கூடவே வந்ததோ மத்திய அரசின் இன்ஸ்கிரிப்ட் வரிசை. அது எங்க பக்கம் யாரும் தொடாதது. தமிழ்99-ஐ அப்போ தனியாகத் தேடி நிறுவிக்க வேண்டியிருந்தது. மிச்சம் இருந்தவர்கள் காலேஜில் ஆங்கிலக் கீபோர்டு பழகினவர்கள். அவர்களுக்குப் புதுசாக எதையும் படிக்காமல் அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ் வந்தது. அது போதும் என்று இருந்துவிட்டார்கள். 2011-ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது அக்கா மகளுக்கும் ஒண்ணு வந்தது. அவளும் அப்படித்தான் அடிச்சாள்.

ஆக, தமிழ்99-ஐ மக்கள் பிடிக்காமல் தள்ளினார்கள் என்று சொல்வது சரியில்லை. பெரும்பாலான கைகளுக்கு அது போய்ச் சேரவே இல்லை. சேர்ந்த இடத்திலும், பழகுகிற நாட்களின் கூலியை யார் கொடுப்பது என்று யாரும் கேட்கலை. நானும் கேட்கலை. எனக்கு மாசச் சம்பளம், ரெண்டு வாரம் மெதுவாக அடித்தால் ஒண்ணும் குறையாது. அக்காவுக்குப் பக்கத்துக்கு இத்தனை ரூபாய்.

1967-ல் பழகாத ஆளையும் பழகின ஆளையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பார்த்தார்களே, அதில் மூணாவதாக ஒரு ஆள் இல்லை: வேறொண்ணை நல்லாப் பழகி, அதில் பிழைக்கிற ஆள். நடைமுறையில் புதுக் கருவி வரும்போது முதலில் அடிபடுவது அந்த ஆள்தான்.

போன வாரம் அக்காவுக்கு ஃபோன் பண்ணி, "2009-ல் நான் செஞ்சது தப்பு, அக்கா" என்றேன். "எதை?" என்று கேட்டாங்க. சொன்னேன். "அதுவா? அந்த ஸ்டிக்கர் பசை இன்னும் பழைய கீபோர்டுல ஒட்டுது, தம்பி" என்று சிரிச்சாங்க. கடையில் இப்போ ரெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணில் அக்கா, பழைய வரிசை. இன்னொண்ணில் உதவிக்கு வருகிற பொண்ணு, ஒலிபெயர்ப்பு. தமிழ்99-ல் அடிக்க அங்கே ஆள் இல்லை.

நான் இதைத் தமிழ்99-ல்தான் அடிக்கிறேன். நிமிர்ந்த மவுஸை டிராயரிலிருந்து திரும்ப எடுத்து வைத்துப் பதினோரு நாள் ஆகுது. வலி குறைஞ்சிருக்கு. ஃபைல் இன்னும் சில சமயம் தவறுது.