ஓவியர்கள் சேர்ந்து வாங்கிய நிலம்



இந்த மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். மருது சகோதரர்களைப் பற்றி எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். 1801 அக்டோபர் 24-ல் அவர்களைத் தூக்கிலிட்டது நம்ம திருப்பத்தூரில்தான் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததையே எழுதுவதைவிட, நமக்கு இப்போது உதவுகிற ஒரு வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது. நம் கூட்டமைப்பில் படம் வரைந்தும், பானையில் வண்ணம் தீட்டியும் விற்கிறவர்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். எங்களுக்கு முன்னால் படம் வரைந்து பிழைத்தவர்கள் யாரிடம் விற்றார்கள், எப்படி நிலைத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. கூடை பின்னுகிறவர்கள், தையல் போடுகிறவர்கள், பொடி அரைத்து விற்கிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பயிற்சி வகுப்பில் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்டு ஏழு வருஷமாக வீட்டிலேயே வரைகிறேன். பலகையில் துணி ஒட்டி, மக்கு பூசி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, வண்ணம் தீட்டி முடிக்க ஒரு படத்துக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவும் சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு கிடைக்கிற நேரத்தில்தான். மழைக்காலத்தில் மக்கு காயாது, நாள் இன்னும் கூடும்.

அரண்மனையும் செட்டியார் வீடும்

நம்ம பக்கத்தில் பழைய ஓவியத்துக்குக் குறைவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளத்தை வரைந்திருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் அந்தக் கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்கேயுள்ள கல்வெட்டு சொல்கிறது. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்தின் சுவர் முழுக்க 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். சேதுபதி தர்பாரில் இருக்கிறார், போருக்குப் போகிறார், எல்லாம் படமாக இருக்கிறது. திருப்பணி செய்தவர் பெயரும் மன்னர் பெயரும் நமக்குத் தெரிகிறது. தூரிகை பிடித்தவர் பெயரைக் கேட்டால் பதில் இல்லை.

அப்புறம் செட்டிநாட்டு வீடுகள். பர்மா, மலாயா, இலங்கை என்று போய்ச் சம்பாதித்தவர்கள் பர்மா தேக்கும் இத்தாலி பளிங்கும் கொண்டு வந்து வீடு கட்டினார்கள். சுவரிலே மாட்டத் தஞ்சாவூர்ப் படம், கண்ணாடிப் படம் எல்லாம் வாங்கினார்கள். அந்தக் காலத்துத் தஞ்சாவூர்ப் படங்களில் வரைந்தவர் கையெழுத்துப் போடுகிற வழக்கம் கிடையாது. வீட்டுக்காரர் சொன்ன சாமி, சொன்ன அளவு, கொடுத்த கூலி.

வாங்குகிறவர் ஒருவரையே நம்பினால் அவர் விழும்போது நாமும் விழுவோம். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் அங்கே தொழில் செய்தவர்கள் விட்டது விட்டபடி ஓடி வந்தார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிறகு அந்த வீட்டுச் சாமான்கள் கைமாறி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் இன்றைக்கும் விற்பனைக்கு இருக்கின்றன. பழைய படங்களும் அங்கே இருக்கும். விலை நல்ல விலைதான். ஆனால் வரைந்தவர் குடும்பத்துக்கு அதில் ஒரு பைசா போகாது.

ரவிவர்மா போட்ட அச்சகம்

பணக்காரர் வீட்டில் மட்டும் இருந்த படத்தை எல்லார் வீட்டுக்கும் கொண்டு வந்தவர் ராஜா ரவிவர்மா. 1848-ல் திருவிதாங்கூரில் கிளிமானூரில் பிறந்தவர். அரண்மனைகள் கேட்டு வாங்கிய ஓவியர். அவர் 1894-ல் பம்பாயில் சொந்தமாக ஒரு அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லில் படம் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் நம்ம வீட்டுச் சாமி அலமாரியில் இன்றைக்கு எப்படி இருக்கிறார்களோ, அந்த உருவத்துக்குப் பெரும்பாலும் அந்தப் படங்கள்தான் காரணம். செட்டிநாட்டு வீடுகளிலும் அவை வரிசையாகத் தொங்கும்.

படம் ஊரெல்லாம் போனது, அச்சகம் மட்டும் நிற்கவில்லை. நட்டமும் கடனும் சேர்ந்து பத்து வருஷம்கூட அவரால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. அதில் வேலை பார்த்த ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கு விற்றுவிட்டார். அவ்வளவு பேர் பெற்றவருக்கே வரைவது ஒரு வேலை, விற்பது இன்னொரு வேலை என்று ஆகியிருக்கிறது. ரெண்டையும் ஒரே குடும்பம் சுமந்தால் எங்கேயாவது முறியும். தனியாக வரைந்து தனியாக விற்கிறவர்கள் இதை யோசிக்கணும்.

ஈஞ்சம்பாக்கத்து மணல்

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். போன வருஷம் கண்காட்சிக்காகச் சென்னை போனபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் போய்வந்தோம். ஓவியர்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் கிராமம் அது. மரத்தடியில் சிற்பங்கள், ஒரு அருங்காட்சியகம், படம் விற்கும் இடம் என்று இருக்கிறது. அது எப்படி வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது நம்ம குழுக் கதையைக் கேட்ட மாதிரியே இருந்தது.

சென்னையில் ஓவியக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது. அதன் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தன்னிடம் படிக்கிற பிள்ளைகள் நன்றாக வரைகிறார்கள், ஆனால் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்கு ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்பது அவருக்குப் பெரிய கவலை. அந்தக் காலத்தில் சென்னையில் ஓவியம் வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு.

அவர் கண்ட வழி ரொம்ப எளிமையானது. ஓவியம் விற்கவில்லை என்றால் கைவேலை விற்கட்டும். நாளில் ஒரு பங்கு நேரம் பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை, மண்பாண்டம் செய்து வயிற்றுக்குச் சம்பாதிக்க வேண்டியது. மீதி நேரம் யாருக்கும் பயப்படாமல் தன் மனசுக்குப் பிடித்த ஓவியத்தை வரைய வேண்டியது. இதற்காக மாணவர்களும் ஆசிரியர்களும் கைவினைச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

பாத்திக் என்பது ஜாவா தீவில் பேர் பெற்ற வேலை. துணியில் உருக்கிய மெழுகால் கோலம் போடுவார்கள். சாயத்தில் முக்கினால் மெழுகு இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு விரிந்த இடத்தில் மட்டும் நரம்பு மாதிரி கோடு விழும். கடைசியில் வெந்நீரில் மெழுகை எடுத்துவிடுவார்கள். அந்தக் கோடு ஒன்றுபோல் இன்னொன்று வராது. சென்னையில் அந்தத் துணி நன்றாக விற்றது.

வந்த பணத்தை ஆளுக்கு ஆள் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்பதுதான் இந்தக் கதையின் உயிர். சேர்த்துவைத்து 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். சுமார் பத்து ஏக்கர். அன்றைக்கு அது வெறும் மணல்காடு. மின்சாரம் கிடையாது. ஓலைக் கொட்டகை போட்டுத்தான் முதலில் தங்கினார்கள். வரைவதும் அங்கே, கைவேலையும் அங்கே, குடும்பமும் அங்கே. முப்பது பேர் போல உறுப்பினர்கள். பெண்களும் இருந்தார்கள். அர்னவாஸ் ஓவியம் வரைந்தார். அனிலா ஜேக்கப் சிற்பம் செய்தார்.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. சிலர் பாரீஸ் போய்விட்டார்கள், சிலர் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். பாத்திக் மோகமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கவில்லை. பணிக்கர் 1977-ல் காலமானார். தலைவர் போனால் சங்கம் கலைந்துவிடும் என்பார்கள், இது கலையவில்லை. 2009-ல் அருங்காட்சியகமும் திறந்தார்கள். வேலை மாறியது, ஆட்கள் மாறினார்கள், நிலம் கையில் இருந்தது. இன்றைக்கு அந்தச் சாலையில் ஒரு சென்ட் வாங்க யாரால் முடியும்?

செல்போன் கடை

இப்போது நம் காலத்துக்கு வருவோம். எங்களுக்கு அரண்மனையும் இல்லை, செட்டியார் வீட்டு ஆர்டரும் எப்போதாவதுதான். செல்போன் இருக்கிறது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டால் கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேட்கிறார்கள். பணம் ஜிபேயில் வந்துவிடுகிறது. மரச்சட்டம் போட்டு, அட்டை கட்டி, கூரியரில் அனுப்புகிறோம். என் அத்தை முதலில் "படம் போடுறதெல்லாம் ஒரு வேலையா" என்றுதான் கேட்டார்கள். மகள் பள்ளிக் கட்டணத்தை நான் கட்டியபிறகு அவர்களே பலகைக்கு மணல் தாள் தேய்த்துத் தருகிறார்கள். செல்போன் எங்களுக்குச் செய்த நன்மையை மறக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கடை நம்முடையது இல்லை, வாடகைக் கடை. அமெரிக்காவில் எட்ஸி என்று கைவேலைப் பொருளுக்கென்றே 2005-ல் தொடங்கிய இணையக் கடை ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க வீட்டிலிருந்து செய்கிறவர்கள் அதில் விற்கிறார்கள். 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை நூற்றுக்கு 5-லிருந்து ஆறரையாக உயர்த்தினார்கள். ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் தங்கள் கடையை மூடிவைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். கட்டணம் குறையவில்லை. இடம் யாருடையதோ, விதியும் அவருடையது.

நம்ம ஊர்ச் சங்கடம் வேறு மாதிரி. வெளியூர் வியாபாரி ஒருவர் என்னிடம் மூன்று படம் வாங்கினார். பிறகு அதே படங்களைத் தன் பக்கத்தில், தானே வரைந்த மாதிரி போட்டு, நான் வாங்கிய விலையைப் போல் ரெண்டு பங்குக்கு விற்றார். இன்னொரு கூத்து, எங்களில் ஒருவர் சொன்ன விலையை எடுத்து இன்னொருவருக்கு அனுப்பி, "அவங்க இவ்வளவுக்குத் தர்றாங்க, நீங்க எவ்வளவு குறைப்பீங்க" என்று கேட்கிறார்கள். ஒன்பது பேரும் தனித்தனியாக ஒன்பது வீட்டில் உட்கார்ந்திருப்பதால்தான் இது நடக்கிறது. ஒரு படத்துக்குப் பலகை, தங்க ரேக்கு, கல், சட்டம் என்று பொருளுக்கே ரெண்டாயிரத்துக்கு மேல் போய்விடும். அடித்துப் பேசிப் பேசி ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு இறக்கினால் பன்னிரண்டு நாள் கூலி என்ன என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நாம் செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோதும், 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கியோடு இணைத்தபோதும் கண்டது இதையேதான். ஒருத்தி கேட்டால் கிடைக்காத கடன், குழுவாகக் கேட்டால் கிடைத்தது. கடன் விஷயத்தில் நாம் கற்றுக்கொண்டதை விற்பனையில் இன்னும் செய்யவில்லை. சேமிப்பு சேர்ந்து போடுகிறோம், விற்பனை தனியாகச் செய்கிறோம்.

பத்து ஏக்கர் நம்மால் முடியாது. ஒரு அறை முடியும். ஊராட்சியில் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டிடத்தைக் குறைந்த வாடகைக்குக் கேட்கலாம். பகலில் நாலு மணி நேரம் எல்லோரும் அங்கே உட்கார்ந்து வேலை செய்தால் மக்கு காய இடம் கிடைக்கும், தங்க ரேக்கை மொத்தமாக வாங்கலாம், புதுசாக வருகிறவளுக்குச் சொல்லித் தரலாம். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வருகிற பக்தர்கள் நேரில் பார்த்தும் வாங்குவார்கள். செல்போனில் ஒரே பெயரில் ஒரு பக்கம், ஒரே விலைப் புத்தகம். விற்றதில் ஒரு பங்கு பொது நிதிக்கு. அதோடு ஒவ்வொரு படத்தின் பின்னாலும் வரைந்தவள் பெயர், ஊர் எழுதியே ஆகணும். ராமநாதபுரத்துச் சுவரிலே விட்டுப்போனது நம்ம பலகையில் விட்டுப்போக வேண்டாம்.

காலையில் யார் திறப்பது, வாடகை கட்டாத மாதம் என்ன செய்வது, ஒருத்தி படம் விற்று இன்னொருத்தி படம் விற்காவிட்டால் மனஸ்தாபம் வராதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். உள்கடன் கொடுக்கத் தொடங்கியபோதும் இதே மாதிரிக் கேட்டோம். விதி எழுதினோம், தப்பினால் அபராதம் வைத்தோம், வாராவாரம் கூடிப் பேசினோம், நடந்தது.

ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு மனு தயார் செய்துவிட்டோம். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு வருகிறது. படம் வரையாத அக்காக்களும் அன்றைக்கு வந்து, சம்மதமோ மறுப்போ, வாய் திறந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.