ஐஸ் ஹவுஸிலிருந்து குளிர்சாதனப் பெட்டி வரை

தண்ணீர் என்ற சொல்லுக்குள்ளேயே தண்மை இருக்கிறது. குடிக்கும் நீருக்குப் பெயரிடும்போதே அதன் குளிர்ச்சியையும் சேர்த்துப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். ஆயினும், எப்போதேனும் கோடை மழையோடு விழும் ஆலங்கட்டியைத் தவிர, உறைந்த நீரைத் தமிழகத்துச் சமவெளி மக்கள் கண்டதில்லை. இன்று ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தம்ளரை வைத்து அழுத்தினால் பனிக்கட்டி கலகலவென்று விழுகிறது. அதன் அருகிலுள்ள குழாயில் குளிர்ந்த நீர் வருகிறது. இந்த எளிமைக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு என்பதைப் பலரும் மறந்துவிட்டோம்.

வடநாட்டில் நிலைமை சற்று வேறு. அக்பரின் அரசவையில் வெடியுப்புக் கரைசலில் குடுவையைச் சுழற்றி நீரைக் குளிர்வித்ததையும், பின்னர் மலைப்பனி லாகூருக்குக் கொண்டுவரப்பட்டதையும் அபுல் பசல் தம் அயினி அக்பரியில் குறித்துள்ளார். அலகாபாத் பகுதியில் குளிர்கால இரவுகளில், வைக்கோல் பரப்பிய பள்ளங்களில் ஆழமற்ற மண்தட்டுகளை அடுக்கி நீரை உறையவைத்த முறையை இராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் 1775-இல் விவரித்து எழுதினார். காற்று உறையும் நிலைக்குக் குளிராத இரவிலும், தெளிந்த வானை நோக்கித் தன் வெப்பத்தை இழந்து நீர் உறைந்துவிடும். மண்தட்டின் கசிவு நீர் ஆவியாவதும் இதற்குத் துணைசெய்யும். அறிவியல் நூல் எதையும் படியாத தொழிலாளர் கண்டறிந்த நுட்பம் இது! ஆனால் சென்னையின் மார்கழிக்கு அந்த வலிமை இல்லை.

சென்னைக்குப் பனிக்கட்டி வந்தது அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் நகரத்து பிரெடரிக் டியூடர் 1806-இல் மார்டினிக் தீவுக்கு முதன்முதலில் பனிக்கட்டி ஏற்றிச் சென்றபோது ஊரே நகைத்தது. அந்த முயற்சியில் அவர் நட்டமடைந்தார். பின்னாளில் கடனுக்காகச் சிறையும் சென்றார். இருந்தும் விடவில்லை. 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் ஏறத்தாழ 100 டன் மிஞ்சியிருந்தது.

இது எப்படி இயன்றது? இரகசியம் மரத்தூளில் இருந்தது. மரம் அறுக்கும் ஆலைகளில் வீணாகக் குவிந்த தூளைக் கட்டிகளைச் சுற்றி அடைத்தனர். நத்தானியேல் வயத் என்பவர் குதிரை இழுக்கும் வெட்டுங்கலப்பையை உருவாக்கி, ஏரிப் பனியை ஒரே அளவான சதுரக் கட்டிகளாக அறுக்க வழிசெய்தார். சதுரக் கட்டிகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கலாம். குவியல் பெரிதாகப் பெரிதாக, அதன் கன அளவோடு ஒப்பிடும்போது வெளிப்பரப்பு குறைகிறது. ஆகவே, பெருங்குவியல் மெல்லவே உருகும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும் என்னும் இயற்கை விதியும் வணிகருக்குத் துணை நின்றது. உருகிய நீரை உடனுக்குடன் வடித்துவிட வேண்டும். நனைந்த தூள் வெப்பத்தைக் கடத்தும். சேமிப்புக் கிடங்கின் பராமரிப்பு என்பது பெரும்பாலும் இந்த வடிகாலின் பராமரிப்புத்தான்.

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பனிக்கிடங்குகள் எழுந்தன. மூன்றில் இன்று எஞ்சி நிற்பது, 1842-இல் எழுந்ததாகக் கூறப்படும் சென்னைக் கிடங்கு மட்டுமே. மெரினாவை நோக்கி நிற்கும் அந்த வளைந்த முகப்புக் கட்டடமே ஐஸ் ஹவுஸ். ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளத்தருகே வாழ்ந்தபோது, 1846–47 குளிர்காலத்தில் அக்குளத்தின் பனியை ஆட்கள் அறுத்தெடுப்பதைக் கண்டார். சென்னையிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுவோர் தம் கிணற்று நீரைப் பருகுவதாக 1854-இல் வெளிவந்த 'வால்டன்' நூலில் அவர் கற்பனை செய்தார். சென்னையைப் பற்றி அமெரிக்க இலக்கியத்தில் இப்படியொரு குறிப்பு இருப்பது இலக்கிய மாணவர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தருவதே. ஆனால் அந்தக் குளிர்ச்சியைப் பருகியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரும் செல்வரும்தாம். கரையில் கட்டிகளைச் சுமந்து இறக்கிய கூலியாட்களின் நாவில் அது பட்டதா என்பதை எந்தக் கணக்கேடு சொல்லப்போகிறது?

இயந்திரம் வந்ததும் இந்த வாணிகம் சரிந்தது. புளோரிடாவின் அபலாச்சிகோலா ஊரில் மருத்துவர் ஜான் காரி, காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க முயன்று பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, 1851-இல் காப்புரிமையும் பெற்றார். ஆதரிப்பாரின்றி 1855-இல் மறைந்தார். ஆனால் அடுத்த தலைமுறையில் இந்தியத் துறைமுக நகரங்களிலேயே நீராவியால் இயங்கும் பனிக்கட்டி ஆலைகள் தோன்றின. ஐஸ் ஹவுஸ் கைமாறி, வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமாயிற்று. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்குத் தங்கினார். பின்னர் சகோதரி சுப்பலட்சுமியின் முயற்சியால் இளம் விதவையர் தங்கிக் கற்கும் விடுதி அங்கு நடந்தது. குளிரைக் காக்கக் கட்டிய சுவர்களுக்குள் ஒதுக்கப்பட்ட பெண்கள் எழுத்தறிந்தனர். நம் பார்வையில் அக்கட்டடத்தின் மிக உயர்ந்த பயன் இதுவே. 1963-இல் அது விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது. எனினும் மக்கள் நாவில் இன்றும் அப்பகுதி 'ஐஸ் ஹவுஸ்'தான். முகத்துதி செய்வதை 'ஐஸ் வைப்பது' என்று சொல்லும் நம் பேச்சுவழக்கும் இந்த அந்நியப் பண்டத்தை நாம் எவ்வளவு எளிதில் சொந்தமாக்கிக் கொண்டோம் என்பதைக் காட்டும்.

வீட்டுப் பெட்டிகளில் முதலில் தட்டுகளே இருந்தன. 1953-இல் அமெரிக்காவின் செர்வெல் நிறுவனம், தானே பனிக்கட்டி செய்யும் அமைப்பைக் கொண்டுவந்தது. வழக்கமான அமைப்பில் மின்தடுக்கிதழ் ஒன்று திறந்து அளவான நீரை அச்சில் விடுகிறது. நீர் உறைந்ததை வெப்ப உணரி அறிந்ததும், சிறு சூடேற்றி அச்சைக் கணநேரம் சூடாக்குகிறது. கட்டியின் அடி நெகிழ, சுழலும் விரல்கள் அதை எடுத்துக் கலத்தில் தள்ளுகின்றன. கலம் நிறைந்தால் உயர்ந்து நிற்கும் ஒரு கம்பி, வேலையை நிறுத்துகிறது. பனிக்கட்டியை உதிர்க்கச் சூடு தேவைப்படுவது சுவையான முரண்!

இக்கட்டிகள் நடுவில் வெண்மையாக இருப்பதைக் கண்டு நீர் அழுக்கோ என்று ஐயுறுவோர் உண்டு. அச்சில் நீர் எல்லாப் புறமிருந்தும் உறைவதால், கரைந்த காற்று நடுவில் சிறைப்படுகிறது. ஏரியிலோ மேலிருந்து கீழாக உறைவதால் காற்று கீழுள்ள நீருக்கு ஒதுங்கிவிடும். அதனால்தான் டியூடரின் கட்டிகள் கண்ணாடி போலிருந்தன.

ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு. உறைந்தால் நீர் தூய்மையாகிவிடும் என்று நெடுங்காலம் நம்பினர். நியூயார்க்கின் மிட்செல் புரூடன் 1887-இல் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. டைபாய்டு நுண்ணுயிர்களுள் ஒரு பகுதி, உறைந்த பின்னும் நெடுநாள் பிழைத்திருந்தது. வீட்டுப் பெட்டிக்கும் இது பொருந்தும். வடிகட்டியைப் பொதுவாக ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றவேண்டும். மாற்றியபின் சில லிட்டர் நீரையும் முதலில் விழும் கட்டிகளையும் கொட்டிவிட வேண்டும். நெடுநாள் கிடந்த கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டும்; பெட்டியிலுள்ள கருவாட்டு மணத்தையும் ஏற்கும். அவ்வப்போது கலத்தை வெளியே எடுத்துக் கழுவி, நன்கு உலர்த்தி வைத்தல் நன்று. கட்டிகள் சிறுத்தோ உள்ளீடற்றோ விழுந்தால், நீரின் அழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது வடிகட்டி அடைபட்டிருக்கலாம். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயிலும் தடுக்கிதழிலும் சுண்ணாம்புப் படிவு விரைவில் சேரும். கரி வடிகட்டி அவ்வுப்பை நீக்காது. நீர்க்குழாய் இணைப்பில்லாத, தொட்டியில் நீர் ஊற்றும் வகைப் பெட்டியானால், அத்தொட்டியில் நின்ற பழைய நீரின்மேல் புதுநீரை ஊற்றாமல், முழுதும் கொட்டிக் கழுவிய பின்னரே நிரப்ப வேண்டும்.