ஷாப்பிங் கார்ட் மென்பொருள்

இணையக் கடையில் பொருளைக் கூடையில் போடுவது முதல் பணம் செலுத்துவது வரை நடத்திவைக்கும் மென்பொருள். சிறு வணிகர்கள் இதை மாதச் சந்தாவுக்கு எடுக்கலாம். இலவசமாகக் கிடைப்பதைச் சொந்தமாக நிறுவியும் கொள்ளலாம்.

சந்தா வகையில் பெயர்பெற்றது ஷாப்பிஃபை. கனடாவின் ஒட்டாவாவில் 2004இல் பனிச்சறுக்குப் பலகை விற்க இறங்கிய டோபியாஸ் லுட்கே, அன்றிருந்த மென்பொருள்கள் திருப்தி தராததால் தாமே ஒன்றை எழுதினார். 2006இல் அதுவே தனிச் சேவையானது. இதில் வெளியார் பேமென்ட் கேட்வேயை (பணம் பெற்றுத்தரும் சேவையை) இணைத்தால் ஒவ்வொரு விற்பனைக்கும் கூடுதல் கட்டணம் உண்டு; லாபம் குறைந்த சரக்குக்கு இது கட்டுப்படியாகாது.

2011இல் வந்த வூகாமர்ஸ், வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இயங்கும் இலவச மென்பொருள். ஹோஸ்டிங், பேக்கப், பாதுகாப்பு எல்லாம் கடைக்காரர் பொறுப்பு.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே சட்டையை 3 அளவு, 4 நிறம் என 12 வகையாகப் பதிந்து, இருப்புக் கணக்கு சரியாகக் குறைகிறதா என்று பார்ப்பது அவசியம். வாடிக்கையாளர் பட்டியலைக் கோப்பாக வெளியே எடுக்க முடியாத மென்பொருளைத் தொடவே கூடாது.