தறியை விட்டுக் கடல் கடந்தோர்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சிற்றாறு பாய்ந்து தாமிரபரணியோடு கலக்கும் நம் வட்டாரம் நெடுங்காலம் எல்லைப்புறமாகவே இருந்தது. கூப்பிடு தூரத்திலுள்ள செங்கோட்டை, திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்ததே 1956 நவம்பர் 1ஆம் நாள்தான். ஆயினும் அருகிலிருந்த அந்த எல்லையைக் காட்டிலும், தூரத்துக் கடலே நம்மவர் வாழ்வைப் பெரிதும் மாற்றியது.

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களில் பெரும்பாலோர் நெசவாளர்கள். சீமை ஆலைத்துணி வந்து தறியை முடக்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் அடுப்பையும் அணைத்தது. அதன்பின் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். இதனை ஹிஜ்ரத் என்று மேடைகளில் சிலர் புகழ்வதுண்டு. பசிக்காகச் சென்றதைப் பசிக்காகச் சென்றதாகவே எழுதுவோம். அதில் இழிவொன்றும் இல்லை.

பிற ஊர் வணிகர்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே சென்றனர். நம்மவரோ மனைவி மக்களையும் அழைத்துச் சென்றனர். நெசவு ஒருவர் செய்யும் தொழிலன்று; ஆண் தறியில் அமர்ந்தால், பெண் நூல் சுற்றுவாள். இருவரும் உழைத்துப் பழகிய குடும்பம் பிரிந்து செல்ல எண்ணவில்லை என்றே நாம் கருதுகிறோம். தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறிய ஆண்கள் கூலி வேலை செய்ய, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றனர்.

குடும்பம் இருந்ததால் பிள்ளைகள் இருந்தனர். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டியிருந்தது. 1941இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946இல் தமிழ்ப் பள்ளியொன்றை நிறுவியது. அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரைச் சூட்டினர். மார்க்கமும் மொழியும் ஒரே பெயரில் அமைந்தன. அப்பள்ளி 1982இல் மூடப்பட்டாலும், அங்குள்ள தமிழ் மொழி நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. ஒரு தாய் மக்கள் இரு நாட்டுக் குடிமக்களாயினர். 1970களில் வளைகுடா வழி திறந்தபோது ஆண்கள் மட்டுமே சென்றனர். குடும்பம் ஊரில் தங்கியது. முன்னோர் செய்யத் துணியாத பிரிவு, இன்று வழக்கமாகிவிட்டது.

நம் பழைய நிக்காஹ் பதிவேட்டில் மாப்பிள்ளையின் தொழில் ‘நெசவு’ என்றிருக்கும்; பின்னர் ‘சிங்கப்பூர்’, அதன்பின் ‘துபாய்’. ஊர்ப் பெயரே தொழிற்பெயராயிற்று! மசாலா அரைத்த பெண்களின் உழைப்பு அதில் எங்கும் இல்லை. அக்காலக் கடிதம், கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு எவர் இல்லத்திலேனும் இருப்பின் ஜமாஅத் அலுவலகத்தில் காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.