கிணறு வெட்டப் போன இடத்தில்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மற்ற ஊர்களுக்கு அது பழமொழி. நெய்வேலிக்கு அது சரித்திரம்.

1930-களின் நடுவில் நடந்த சங்கதி. கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே, செம்மண்ணும் முந்திரியுமாகக் கிடந்த மேட்டு நிலத்தில், ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தண்ணீருக்காகப் பூமியில் துளை போட்டார். தண்ணீர் வந்தது. கூடவே கறுப்பாக ஏதோ வந்தது. வேறு யாராவதாக இருந்தால், தண்ணீர் கெட்டுப் போயிற்றே என்று துளையை மூடிவிட்டு ஜோசியரிடம் போயிருப்பார்கள். முதலியார் சர்க்காருக்குத் தெரிவித்தார். அது பழுப்பு நிலக்கரி என்று கண்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு ஒரு விஷயம்தான் எப்போதும் வேடிக்கையாகப் படும். அந்தப் பக்கத்துப் பழைய வாழ்க்கையின் மேல்படியில் இருந்தவர்கள் நிலச்சுவான்தார்கள். அந்த வாழ்க்கை வடிந்து போவதற்கான முதல் துளையைப் போட்டவரும் ஒரு நிலச்சுவான்தாரே.

சமூகம் மாறுகிறபோது அதன் நடுவில் இருக்கிறவர்களுக்கு அது மாறுகிறதென்று தெரிவதில்லை. இங்கிலாந்தில் ஊர்ப் பொது நிலங்களை வேலி போட்டு வளைத்த காலத்தில், எந்தக் குடியானவனும் 'தொழிற் புரட்சி வந்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டு பட்டணத்துக்குப் புறப்படவில்லை. ஆடு மேய்க்க இடமில்லை, போனான். பெயர் வைத்தவர்கள் பிற்பாடு வந்த பேராசிரியர்கள். நெய்வேலியில் அப்படிப் போனவர்களில், வந்தவர்களில், சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

நான் முதலில் நெய்வேலியைப் பார்த்தது பள்ளிக்கூடப் பையனாக. வாத்தியார் ஒருவர் எங்களை அழைத்துப் போனார். கட்டுச்சோறு, முந்திரி மரத்து நிழல், அப்புறம் அந்தப் பள்ளம். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த யந்திரம் ஒன்று, தேர்ச்சக்கரத்தை விடப் பெரிய சக்கரத்தில் வாளி வாளியாக மண்ணை வாரிக்கொண்டிருந்தது. "இது தூங்கவே தூங்காதா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். "தூங்காது" என்றார் வாத்தியார். எங்களுக்கெல்லாம் அது பிரமாதமாக இருந்தது.

ஏன் இவ்வளவு பிரயத்தனம் என்றால், சென்னை மாகாணத்தில் நிலக்கரி கிடையாது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வர வேண்டும். பைகாரா, மேட்டூர் என்று நீரை நம்பிய மின்சாரம். மழை பொய்த்தால் விளக்கும் பொய்த்தது. யுத்த காலத்தில் இந்தத் தரித்திரம் நன்றாகத் தெரிந்தது. 1940-களில் பின்னி கம்பெனி துளை போட்டுப் பார்த்தது; பிறகு புவியியல் ஆராய்ச்சித் துறை; பிறகு மாகாண சர்க்கார். கரி கோடிக்கணக்கான டன் இருக்கிறது என்று நிச்சயமாயிற்று. ஆனால் அது மண்ணுக்கடியில் ஐம்பது, அறுபது மீட்டருக்கும் கீழே படுத்திருந்தது. அதற்கும் கீழே, அடைத்து வைத்த தண்ணீர். மேல் மண்ணை எடுத்துவிட்டால் அந்தத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ அழுத்தத்தோடு கரியைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகவே சுரங்கம் இருக்கிற வரைக்கும் இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தேடித் துளை போட்ட இடத்தில், தண்ணீரை வெளியேற்றுவதே முதல் வேலையாகப் போயிற்று.

காமராஜர் முதல் மந்திரியாக இருந்த காலம். 1956 நவம்பர் 14-ம் தேதி, நேருவின் பிறந்த நாளன்று, நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20-ம் தேதி நேருவே வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் வந்தது. ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி, மண்ணை வாரியது ஜெர்மன் யந்திரம், மின்சாரம் எடுத்தது ரஷ்ய யந்திரம். உலகத்தில் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு கட்சிகளும் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் ஒரே கரியைக் கிண்டின. நம் அயல்நாட்டுக் கொள்கை என்னவென்று அந்நாளில் கேட்டவர்களுக்கு நெய்வேலியைக் காட்டியிருக்கலாம்.

மந்தாரக்குப்பத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். நேரு வந்தபோது அவருக்கு வயது பத்து. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பிறந்த ஊர் இன்று பள்ளம். ஒரு நாவலுக்கு விவரம் சேகரிக்கப் போய் அவரைப் பிடித்தேன். நாவல் எழுதியபாடில்லை, சிநேகிதம் நிலைத்துவிட்டது.

"எங்க நைனாவுக்கு மூணு காணி மானாவாரி. மல்லாட்டை போடுவாரு, கம்பு போடுவாரு. ஓரத்துல ரெண்டு பலா, பத்துப் பதினஞ்சு முந்திரி. படியாள் ஒருத்தர் இருந்தாரு" என்று ஆரம்பித்தார். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை தேய்ந்து அப்படி ஆயிற்று. பணம் என்ற ஒன்றை அந்த மேட்டு நிலம் கண்டதே அந்த மல்லாட்டையால்தான். மற்றதெல்லாம் தானியக் கணக்கு. படியாளுக்குக் கூலி படியில். நாவிதருக்கும் வண்ணாருக்கும் களத்தில்.

ஆனால் சுரங்கம் வந்துதான் அந்த ஜில்லா மாற ஆரம்பித்தது என்று சொல்வதற்கில்லை. ஓட்டு முதலில் வந்தது. கரி பிறகு வந்தது. 1952-ல், வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, எஸ். எஸ். ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி சட்டசபையில் 19 இடங்களைப் பிடித்தது. உழுகிற ஜனங்களின் கட்சி. 1954-ல் அவர் காமராஜர் மந்திரிசபையிலேயே அமர்ந்தார். அதுவரைக்கும் பெரிய பண்ணைகளின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள், இனி நிற்க வேண்டாமோ என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். யோசனைக்குச் சோறு போட ஒரு வழி வேண்டுமே, அதைச் சுரங்கம் கொடுத்தது.

நிலம் எடுத்தார்கள். அன்று அமலில் இருந்தது 1894-ம் வருஷத்துச் சட்டம். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆன பிறகும் வெள்ளைக்காரன் எழுதி வைத்த அதே ஷரத்து. பணம் கொஞ்சம் கொடுத்தார்கள். வேலையும் பலருக்குக் கிடைத்தது. ஊர்கள் வண்டியேறின. சாமிகளில் சில வண்டியேறின, சில ஏறவில்லை. வேலுடையான்பட்டு முருகன் இன்றும் நகரியத்துக்குள் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு எங்கெங்கோ குடியேறிப் போனவர்களெல்லாம் காவடியோடு வருகிறார்கள்.

நகரியம் எழும்பியது. மேலத்தெரு, கீழத்தெரு, சேரி என்று ஊருக்கு ஊர் இருக்கும் பிரிவுகள் அங்கே இல்லை. ஒன்றாம் வட்டம், இரண்டாம் வட்டம் என்று வெறும் எண்கள். யாருக்கு எந்த வீடு என்பதை ஜாதி தீர்மானிக்கவில்லை, உத்தியோகம் தீர்மானித்தது. தெருவின் பெயரைச் சொன்னவுடன் ஜாதி தெரிந்துவிடும் தமிழ்நாட்டில் இது சாமானியமான காரியம் அல்ல. (எண்ணைச் சொன்னவுடன் சம்பளம் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். மனிதன் ஏணியை ஒழிப்பதில்லை. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைச் சாத்துகிறான்.)

சிநேகிதர் 1968-ல் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் காண்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தார். எதிரே வந்து உட்கார்ந்தவர் அவர்கள் வீட்டுப் பழைய படியாளின் மகன். கூலியாகச் சேர்ந்து அதற்குள் நிரந்தரமாகியிருந்தான். சிநேகிதரை விட இரண்டு வருஷம் மூத்தவன் சர்வீஸில்.

"அவங்க அப்பாவுக்கு எங்க வீட்டுத் திண்ணையில எடம் கெடையாது, ஐயா. கொல்லைப் பக்கமா வந்து, எட்ட நின்னு கூழு வாங்கிக் குடிப்பாரு. எனக்குச் சோறு எறங்கல. அவன்தான், 'சாப்பிடுப்பா, ஷிப்ட் பஸ் வந்துடும்'னான்."

"என்ன செய்தீர்கள்?"

"சாப்பிட்டேன். பசி."

இதைச் சொல்லிவிட்டு வெகு நேரம் சிரித்தார். அந்த மனிதருடன் முப்பது வருஷம் ஒரே பஸ்ஸில் போனாராம். அவருடைய மகள் கல்யாணத்துக்கு இவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். நிலம் இல்லாதவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. ஆகவே அவருக்குச் சுரங்கத்தால் கிடைத்ததெல்லாம் லாபம். இதை மறந்துவிட்டு 'அந்தப் பழைய கிராமம், அந்தப் பச்சைப் பசேல்' என்று கண்ணீர் விடுகிறவர்களோடு எனக்குச் சரிப்படுவதில்லை. அந்தப் பச்சை யாருடையதாக இருந்தது என்று கேட்க வேண்டும்.

சிநேகிதர் கதை அத்துடன் முடியவில்லை. அவருக்கு இரண்டு தம்பிகள். வேலை கிடைத்தது குடும்பத்தில் ஒருவருக்கு. ஒரு தம்பி கொத்து வேலைக்குப் போனார். இன்னொருவர் பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றுகிற லாரியோடு போனார். "நான் யாரையும் குறை சொல்லலீங்க. நல்லாத்தான் இருந்தேன். ஆனா நெலம்னா ஆளுக்கு ஒரு காணின்னு அறுத்துக் குடுத்துடலாம். வேலையை மூணா அறுக்க முடியுமா? எம் பையனுக்கு எழுதி வைக்க முடியுமா?"

இந்தக் கேள்விக்குள் நெய்வேலியின் எழுபது வருஷமும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நிலத்தைக் கொடுத்து உத்தியோகம் வாங்கிய தலைமுறை நன்றாகவே வாழ்ந்தது. மாதம் பிறந்தால் சம்பளம், வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மாப்பிள்ளை நெய்வேலியில் வேலை என்றால் பெண் வீட்டார் வரதட்சிணைப் பேச்சில் குரலைத் தாழ்த்திக்கொண்ட காலம் உண்டு. சென்னை வீடுகளில் நெய்வேலியின் 'லெக்கோ' கரி அடுப்பில் எரிந்தது. ஆனால் மண் தலைமுறை தலைமுறையாக இறங்கும். சம்பளம் ஓய்வு பெறுகிற தேதியில் நின்றுவிடும். அந்தத் தேதி வரும்வரை இந்த வித்தியாசம் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அது உறைக்கத் தொடங்கியபோது காலமும் திரும்பிவிட்டது. இரண்டாவது சுரங்கம் 1980-களில் வந்தது. அதன் மின்சாரம் தென்னிந்திய மாநிலங்களுக்கெல்லாம் பங்காயிற்று. 1991-க்குப் பிறகு தேசத்தின் பொருளாதாரப் பேச்சே மாறியது. சர்க்கார் ஆலைகளைக் கோயில் என்று சொன்ன நாட்கள் போய், அவற்றின் பங்குகளை விற்கலாமா என்ற நாட்கள் வந்தன. நெய்வேலியின் பங்குகளை விற்கும் யோசனை 2006-ல் பெரும் எதிர்ப்பில் நின்றது; 2013-ல் ஒரு சிறு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. உள்ளே நிரந்தரத் தொழிலாளி குறைந்து ஒப்பந்தத் தொழிலாளி பெருகினார். ஒரே பள்ளம், ஒரே வெயில், இரண்டு விதமான சம்பளம். ஜாதி ஏணியை எடுத்த இடத்தில் சாத்திய ஏணிக்கு இப்படி ஒரு கீழ்ப்படி முளைத்தது.

ஆகவேதான் 1957-ல் நேருவைப் பார்க்கக் கூட்டமாகப் போன அதே பகுதி, 2023 ஜூலையில் வேறு விதமாகக் கூடியது. வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, பச்சை நெற்பயிரின் மேல் மண் வாரும் யந்திரங்கள் இறங்கின. நிலம் வருஷக்கணக்குக்கு முன்பே எடுத்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று என்பது நிர்வாகத்தின் கட்சி. காகிதத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அறுவடைக்குச் சில வாரம் இருந்த பயிர் மண்ணுக்குள் போனதை ஊரெல்லாம் செல்போனில் பார்த்தது. அரிசி விளையும் நிலத்தில் இப்படிச் செய்யலாமா என்று ஹைகோர்ட்டிலேயே வருத்தத்தோடு கேட்கப்பட்டது. அதே வருஷம் ஜனவரியில், ஜெர்மனியில் லூட்சராட் என்ற சிற்றூரை, இதே பழுப்பு நிலக்கரிக்காக, போலீஸ் காலி செய்தது. நமக்குச் சக்கர யந்திரம் அனுப்பிய தேசத்திலும் பள்ளம் ஊர் வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மறித்தவர்களில் பலர் பூமியின் வெப்பத்தை நினைத்து வந்தவர்கள். வளையமாதேவியில் வரப்பில் நின்றவர்களுக்குக் கவலை அடுத்த போகம். இரண்டையும் ஒரே போராட்டம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் பையனாகப் பார்த்து வியந்த முதல் அனல் மின் நிலையத்தை 2020 செப்டம்பர் முடிவோடு மூடிவிட்டார்கள். தூங்காது என்றார் வாத்தியார்.

போன தடவை மந்தாரக்குப்பம் போனபோது சிநேகிதர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காகிதம் ஒன்றை எடுத்தார். பழைய நில எடுப்பு உத்தரவின் நகல், இங்கிலீஷ். பேரன் ஏதோ விண்ணப்பத்துக்குக் கேட்கிறானாம். "சர்வே நம்பர் சரியா இருக்கான்னு படிச்சுச் சொல்லுங்க, கண்ணு மங்கிடுச்சு" என்றார். படித்தேன். நம்பர் சரிதான் என்று தலையை ஆட்டினார். எல்லைகளையும் படிக்கப் போனேன். அதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்: வடக்கே வண்டிப்பாட்டை, கிழக்கே சித்தப்பா கொல்லை, தெற்கே ஓடை, மேற்கே அந்த ரெண்டு பலா. நான் காகிதத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். பலா மட்டும் காகிதத்தில் இல்லை.